மொறிஸ் மைனருக்கு எந்த டிபரன்சியல்? 4.22-ஐக் கழற்றி 3.9 போடுவதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் ஓடும் என்னுடைய மொறிஸ் மைனர் (பழைய பிரித்தானியக் கார்) 1098 சீசீ வண்டி. அதன் டிபரன்சியல் (எஞ்சின் பக்கமிருந்து வரும் சுழற்சியைக் குறைத்துப் பின் சில்லுகளுக்குக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) ஊளையிடத் தொடங்கியபோது, அதே ரேஷியோவில், அதாவது சில்லுகள் ஒரு சுற்றுச் சுற்ற உள்ளே வரும் ஷாப்ட் எத்தனை சுற்றுச் சுற்றும் என்ற அதே எண்ணில், இன்னொன்றைத் தேடுவதா, யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதைக்குத் தோதாக வேறொன்றைப் போடுவதா என்று கணக்குப் பார்த்து 3.9 போட்டேன். இப்போதும் அதுதான் ஓடுகிறது. ஆனால் எல்லோருக்கும் 3.9 சரிவராது, அதனால் நீங்களே உங்கள் வண்டிக்குக் கணக்குப் பார்க்கும் வழியை எழுதுகிறேன். சில்லுக் கழற்றுவது, ட்ரம் கழற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. இப்போது உள்ளே இருப்பது எது?

கம்பனிக் கணக்குப்படி மைனர் 1000-இல் 948 சீசீக்கு 4.55, 1962-இல் வந்த 1098 சீசீக்கு 4.22. இங்கே அதை நம்பிச் சாமான் வாங்காதீர்கள். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நாட்களில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. உதிரிப்பாகம் வராத அந்த நாட்களில் எது கிடைத்ததோ அதைப் பூட்டித்தான் ஓட்டினார்கள், அதனால் எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

சமதரையில் நிறுத்தி, முன் சில்லுகளுக்கு அடை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, பின் சில்லு ஒன்றை மட்டும் ஜக்கால் தூக்கி ஸ்டாண்டில் இருத்துங்கள் (ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது). ஹான்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள், அது பின் சில்லுகளைத்தான் பிடிக்கும். ரயரில் ஒரு சோக்குக் கோடு, ப்ரொப்பெலர் ஷாப்டில் (கியர் பெட்டியிலிருந்து டிபரன்சியலுக்கு வரும் தண்டு) ஒரு கோடு.

பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். மற்றச் சில்லு நிலத்தில் நிற்கும்போது, தூக்கிய சில்லை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் உள்ளே கிரவுன் வீல் (டிபரன்சியலின் பெரிய பல்சக்கரம்) அரைச் சுற்றுத்தான் சுற்றும். ஷாப்ட் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும், பார்ப்பவர் 'இது என்ன 2.1 ரேஷியோ' என்று தலையைச் சொறிவார். சில்லை இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ரேஷியோ கிடைக்கும். அதுவும் போதாது, ஏனென்றால் 4.22-க்கும் 4.55-க்கும் உள்ள வித்தியாசம் ஷாப்டில் மூன்றில் ஒரு சுற்றுத்தான், கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். ஆகவே சில்லை 20 சுற்றுச் சுற்றுங்கள், ஒருவர் சில்லை எண்ண இன்னொருவர் ஷாப்டை எண்ணட்டும். ஷாப்ட் 42 சுற்றும் கொஞ்சமும் வந்தால் 4.22, நாற்பத்தைந்தரை வந்தால் 4.55, சரியாக 39 வந்தால் யாரோ உங்களுக்கு முன்பே 3.9 போட்டுவிட்டார்கள்.

டிபரன்சியல் ஏற்கெனவே வெளியே இருந்தால் பல்லை எண்ணினால் முடிந்தது: கிரவுன் வீலில் 41, அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 9 என்றால் 4.55, 38-க்கு 9 என்றால் 4.22, 39-க்கு 10 என்றால் 3.9.

2. ரயரை அளவுங்கள்

ரயர் நிலத்தில் தொடும் இடத்தில் கோடு போட்டு, ஓட்டுபவர் உள்ளே இருக்க, ஒரு முழுச் சுற்று வண்டியைத் தள்ளி, போன தூரத்தை ரேப்பால் அளக்க வேண்டும். 155/80 ஆர்14 ரயருக்கு ஏறக்குறைய 1.85 மீற்றர் வரும்.

3. கணக்கு

ரொப் கியர் (கடைசிக் கியர்) 1:1, அதாவது எஞ்சினும் ஷாப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் என்பதால் சுலபம். 1000 ஆர்பிஎம்முக்கு எத்தனை கிலோமீற்றர் வேகம் என்பதற்கு, அந்த நீளத்தை 60 ஆல் பெருக்கி ரேஷியோவால் வகுங்கள். 1.85 மீற்றருக்கு 4.55-இல் 24.4, 4.22-இல் 26.3, 3.9-இல் 28.5.

இதை வெளியே ஓடும் வேகத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஊருக்கு வெளியே கார்களுக்குச் சட்டப்படி 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் 4.55 என்றால் எஞ்சின் 2870 சுற்றும், 4.22 என்றால் 2660, 3.9 என்றால் 2460. 1098 எஞ்சினின் இழுவை உச்சத்தில் இருப்பது 2500 அளவில். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரை மேடில்லாத பாதையில் 3.9 இவ்வளவு சுகமாக ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

இனி மறுபக்கம். முதல் கியர் 3.628. அதை 4.22-ஆல் பெருக்கினால் 15.3, 3.9-ஆல் பெருக்கினால் 14.1. எட்டு வீதத்துக்குக் கிட்ட இழுவை போகிறது. மைனரின் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (ஓடும்போது கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) இல்லை, ஏற்றத்தில் ஓடிக்கொண்டே ஒன்றுக்கு இறக்குவது லேசான வேலை இல்லை. கடுகண்ணாவ ஏற்றத்தில் நான்கு பேருடன் வாகன நெரிசலில் நின்று நின்று எடுப்பவராக இருந்தால், நுவரெலியாப் பக்கம் வீடென்றால், 4.22-ஐ மாற்றாதீர்கள்.

4. வாங்கும்போது

3.9 பிந்திய எம்ஜி மிட்ஜெட், ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட் கார்களில் வந்தது, மைனரின் பின் அக்சில் உறைக்குள் பொருந்தும். கிரவுன் வீல், பினியன் தனித்தனியாக விற்றால் வாங்காதீர்கள், அவை சோடி. சோடியாகக் கிடைத்தாலும் நான் முழு யூனிட்டாகத்தான் வாங்குவேன், பல்லிடைவெளி சரிபார்த்துப் பூட்டத் தெரிந்த கை இப்போது குறைவு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பூட்டுவதற்கு முன், உங்கள் அக்சில் ஷாப்டை அதில் செருகிப் பாருங்கள், பினியன் பக்கத்துப் பிளாஞ்சின் (ஷாப்டைப் பூட்டும் தட்டு) ஓட்டைகள் உங்கள் ப்ரொப்பெலர் ஷாப்டோடு ஒத்துப்போகிறதா என்றும் வைத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் பழைய யூனிட்டின் பிளாஞ்சை மாற்றிப் போட முடியுமா என்று முதலே தீர்மானிக்க வேண்டும். ஒயில் ஈபி 90 கியர் ஒயில், கிட்டத்தட்ட 0.85 லீற்றர். சாதாரண எஞ்சின் ஒயில் ஊற்றினால் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே சுற்றும் இந்த ஹைப்பொயிட் வகைப் பல்லு தாங்காது.

பிறகு சேர்த்தது

3.9 போட்ட ஒருவர் ஸ்பீடோமீற்றர் குறைத்துக் காட்டுகிறது என்று எழுதியிருந்தார். ஆம், கேபிள் கியர் பெட்டியிலிருந்து வருவதால் அதற்கு டிபரன்சியல் மாறியது தெரியாது. முன்பு சரியாகக் காட்டிய மீற்றர் என்றால், முள் 40 மைலில் நிற்கும்போது உண்மையில் 43 மைலுக்கு மேலே, அதாவது 70 கிலோமீற்றரைத் தொட்டுவிட்டீர்கள். மீற்றர் கண்ணாடியில் 40-க்கு நேரே சின்னதாக ஒரு சிவப்பு ரேப் ஒட்டிவிடுங்கள்.

948 சீசீ வைத்திருப்பவர்களுக்கு: 4.55-இலிருந்து நேரே 3.9-க்குப் போக வேண்டாம், அந்த எஞ்சினுக்கு அது பாரம். 4.22 போடுங்கள். 3.9-க்கு மாறியவர்கள் கழற்றிய நல்ல 4.22 யூனிட்டுகள் கராஜ்களில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள்.