திருகோணமலையில் ஊர் மரபுக் குழு தொடங்கி நடத்துவது எப்படி?

திருகோணமலையில் மரபு என்றால் எல்லாரும் சுவாமி மலையையும் பிரெட்ரிக் கோட்டையையும்தான் காட்டுவார்கள். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. ஒஸ்டன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. இந்த இடங்களில் தொண்டர் குழுவுக்குப் பெரிய வேலை கிடையாது. ஆனால் உப்புவெளிப் பக்கத்து நாற்சார் வீடு, பனஞ்சிலாகை போட்ட ஓட்டுக் கூரை, மடம், கிணற்றடி, எழுத்து மங்கிய மயானக் கல் எல்லாம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றுக்காக ஒரு குழு தொடங்க நினைப்பவர்களுக்கான செய்முறை இது.

படி 1: சட்டத்தின் எல்லை எது என்று பாருங்கள்

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி ஒப்பந்தத்தின் நாள் அது. அதற்கு முந்திய கட்டடம் சட்டப்படி புராதன நினைவுச்சின்னம். பிந்தியதென்றால் அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்தால்தான் அந்த மதிப்புக் கிடைக்கும். நம்மூர் வீடுகளில் பெரும்பாலானவை எல்லைக்கு இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. சொந்தக்காரர் நாளைக்கே இடிக்க நினைத்தாலும் குழுவால் தடுக்க முடியாது. உங்கள் கையில் இருக்கப்போவது ஒரு நல்ல கோப்பும் சொந்தக்காரரின் நம்பிக்கையும் மட்டுமே. கீழே வருகிற படிகள் எல்லாம் அந்த இரண்டையும் சேர்ப்பதற்குத்தான்.

இன்னொன்று: எங்கேயும் தோண்டாதீர்கள். அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். கிணறு வெட்டும்போது சிலையோ எழுத்துக் கல்லோ வந்தால் கழுவக்கூடாது, வேறிடத்துக்கு எடுத்துப் போகக்கூடாது. வேலையை நிறுத்திவிட்டுப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

படி 2: ஒன்பது பேர்

ஒற்றைப்படை எண் நல்லது. கோரம் (கூட்டம் நடக்கக் குறைந்தது இருக்க வேண்டிய ஆட்கள்) 5 என்று யாப்பில், அதாவது குழுவின் விதிகளில், எழுதுங்கள். பதவிக்காலம் இரண்டு வருடம், ஆனால் வருடத்துக்குப் பாதிப்பேர்தான் மாற வேண்டும். எல்லாரும் ஒன்றாக மாறினால் எந்தக் கோப்பு யார் வீட்டு அலுமாரியில் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

ஆட்களை எடுக்கும்போது சொற்பொழிவாளர்களைக் குறைத்து, ஓய்வுபெற்ற நில அளவையாளர், காணிப் பதிவகத்தில் வேலை செய்தவர், நொத்தாரிசு, வயதான மேசன், கமரா பிடிக்கத் தெரிந்த இளையவர் என்று பாருங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் இருக்க வேண்டும். இது அழகுக்காக இல்லை. ஒரு பக்கத்தாரின் குழு என்று பெயர் விழுந்தால் மற்றத் தெருவில் படலை திறக்காது.

யாப்பில் கட்டாயம் இருக்க வேண்டிய விதி: காணித் தரகர், ஒப்பந்தகாரர், சொந்தக்காரரின் உறவினர் யாராவது உறுப்பினராக இருந்தால், அந்தக் கட்டடம் பற்றிப் பேசும்போது அவர் வெளியே போக வேண்டும். அது கூட்டறிக்கையிலும் பதியப்பட வேண்டும். பதிவைப் பற்றிப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையொப்பம் வையுங்கள்.

படி 3: கணக்கெடுப்பு

முழு நகரத்தையும் எடுக்கப் போகாதீர்கள். ஒரேயொரு கிராம உத்தியோகத்தர் பிரிவு, 30 இடங்கள் போதும். விதானையாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கமராவோடு தெருவில் திரியும் நாலு பேரைப் பற்றி அவருக்குத்தான் முதலில் தொலைபேசி வரும்.

ஒரு இடத்துக்கு ஒரு தாள், எட்டுப் படம். நான்கு பக்கம், தெருவோடு சேர்ந்த தோற்றம், வாசற்கதவு, கூரையின் உட்பக்கம், மோசமாகச் சேதமான இடம். ஒவ்வொரு படத்திலும் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு தரம் கறுப்பும் வெள்ளையும் பூசிய 1 மீற்றர் தடி நிற்கட்டும். படங்களுக்குப் பிரிவு இலக்கம், தொடர் இலக்கம், திகதி மூன்றும் சேர்த்துப் பெயர் வையுங்கள். வட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கோப்பில் சேர்க்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், திகதி விபரமும் போய்விடும். போன் காட்டும் ஜிபிஎஸ் இடம் மரங்களுக்குக் கீழே பல மீற்றர் தள்ளிப்போகும், ஆகவே படலையடியில் வெளியாக நின்று எடுங்கள்.

புதியவர்கள் அதிகம் பிழைவிடுவது வயதில்தான். ஓட்டின் அடிப்பக்கத்தில் ‘பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, 1865 ஆம் ஆண்டு வீடு என்று எழுதிவிடுவார்கள். 1865 மங்களூரில் அந்தத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஓடு அதற்குப் பிந்தியது, வீடு இன்னும் பிந்தியதாக இருக்கலாம், அல்லது பழைய வீட்டுக்குப் புதுக்கூரை போட்டிருக்கலாம். ஓடு, காணி உறுதி, நில அளவை வரைபடம், வாய்மொழி என நான்கையும் ஒப்பிடுங்கள். வாய்மொழி என்றால் இரண்டு பெரியவர்களைத் தனித்தனியே கேளுங்கள். ஒன்றாக இருத்திக் கேட்டால் மூத்தவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டுவார்.

எழுத்துள்ள கல் கிடைத்தால் சோக்கட்டி, மா, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயலும் ‘முன்னே குளக்கோட்டன்’ எனத் தொடங்கும் சிதைந்த வரிகளும் உள்ள கல்லை உச்சி வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்வெயிலில் எழுத்து எழும்பி வரும். உங்கள் கல்லையும் பின்னேர வெயிலில் எடுங்கள், அல்லது இருட்டியபின் ரோச் லைட்டைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து எடுங்கள்.

படி 4: சொந்தக்காரருடன் கதைப்பது

பட்டியல் தயாரான பிறகு போவது பிழை. முதல் நாளே போங்கள். ‘தொல்பொருள்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மூரில் முகம் மாறும், அதற்குக் காரணமும் உண்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருட்களுக்கென்று அமைத்த ஜனாதிபதி செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. ‘இன்றைக்குப் போட்டோ எடுப்பீர்கள், நாளைக்குக் கல் நடுவீர்கள்’ என்று ஒருவர் சொன்னால் வாதாட வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். பதிவு குழுவின் கோப்பில் மட்டும் இருக்கும், உறுதியில் எதுவும் மாறாது, கேட்டால் வீட்டின் பெயரை மறைப்போம் என்று அதில் இருக்கட்டும். கட்டடம் 1815 க்கு முந்தியதாகத் தெரிந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். படங்களின் பிரதி ஒன்றை அச்சடித்து அவருக்கே கொடுங்கள். சம்மதமில்லாமல் பெயர்ப்பலகை வேண்டாம்.

படி 5: சபை

கட்டட அனுமதி விண்ணப்பங்கள் உள்ளூராட்சி சபையின் திட்டமிடல் குழுவுக்குத்தான் போகும். உங்கள் பட்டியலிலுள்ள இடத்துக்கு விண்ணப்பம் வந்தால், 14 நாளுக்குள் குழுவின் கருத்தைக் கேட்பது என்று ஒரு தீர்மானம் எடுக்கச் சொல்லுங்கள். கருத்தை ஏற்பதும் விடுவதும் சபையின் விருப்பம். ஆகவே ‘இடிக்காதீர்கள்’ என்று மட்டும் எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும். ‘முன் விறாந்தையை வைத்துக்கொண்டு பின்பக்கம் மாடி கட்டலாம்’ என்று கைவரைபடத்தோடு எழுதினால் படிப்பார்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வையுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

படி 6: கையால் செய்யும் வேலை

பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கை வைக்காதீர்கள். மற்ற இடங்களில் சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதத்தோடு மட்டும்.

சுவரில் முளைத்த ஆல், அரசங்கன்றை இழுத்துப் பிடுங்கினால் வேரோடு கல்லும் வரும். அடியில் வெட்டிவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க வெட்டுங்கள். வேர் செத்த பிறகு இடுக்கைச் சுண்ணாம்பால் அடையுங்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசுவதுதான் பெரிய கேடு. கடற்காற்று உப்பைச் சுவருக்குள் ஏற்றுகிறது. சீமெந்து ஈரத்தை வெளியே விடாது, உப்பு உள்ளேயே பளிங்காகிக் கல்லை உடைக்கும். சில மாரிக்குப் பிறகு தட்டிப் பார்த்தால் சீமெந்து பலகைபோல நிற்கும், பின்னால் கல் மாவாகியிருக்கும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் ஒரு கிழமைக்கு மேல் ஊறவிட்டு, ஒரு வாளி சுண்ணாம்புக் களிக்கு மூன்று வாளி ஆற்று மணல் சேருங்கள். கடல் மணல் கூடாது. சுவரை நனைத்து, ஒரு தரத்துக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் ஏற்றாமல் பூசி, ஈரச் சாக்கால் ஒரு கிழமை மூடிவையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடாவிட்டால் அன்றைக்கே வெடிப்பு விழும். ‘பிடிக்கட்டும்’ என்று மேசன் ஒரு கை சீமெந்து போடப் பார்ப்பார். பக்கத்திலேயே நில்லுங்கள்.

மயானக் கல்லுக்குத் தண்ணீரும் மெல்லிய நைலோன் தூரிகையும் போதும். அசிட்டும் கம்பித் தூரிகையும் எழுத்தையே எடுத்துவிடும். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரின் 1852 இல் பர்மாவில் இறந்தார், புதைக்கப்பட்டது இந்த ஊரில்தான். அவர் பெயருக்காவது ஆள் வரும். பக்கத்தில் கிடக்கும் பெயர் தெரியாதவர்களின் கல்லையே முதலில் படமெடுங்கள்.

வருடத்தின் முக்கியமான வேலை செப்டெம்பரில் வரும். வாடை தொடங்குமுன் பட்டியலிலுள்ள வீடுகளுக்கு ஏணியோடு போய்ப் பீலியில் அடைந்த சருகை அள்ளி, நழுவிய ஓடுகளைத் திருப்பி வையுங்கள். மேலே ஏறுபவர் ஓட்டின் நடுவில் மிதிக்கக்கூடாது, சிலாகைக்கு நேரே பலகை போட்டு ஏற வேண்டும். ஒரு பையில் பத்துப் பதினைந்து பழைய ஓடு கொண்டுபோங்கள், கட்டாயம் தேவைப்படும்.