ஸ்பானிஷ்ல ‘கேக்குறது’ நாலு, ‘தெரியும்’ ரெண்டு: நாம மாட்டிக்குற இடங்கள்

தமிழ்ல ‘கேளு’ங்குற ஒரே வார்த்தைய வச்சு நாம எவ்ளோ வேலை பாக்குறோம்னு யோசிச்சு பாருங்க. வழி கேக்குறோம், கடன் கேக்குறோம், பாட்டு கேக்குறோம், வெளிய ஏதோ சத்தமும் கேக்குது. ஸ்பானிஷ்ல இந்த நாலுக்கும் நாலு வெர்ப். தெரிஞ்சுக்கணும்னு கேட்டா ப்ரெகுந்தார், ஒண்ணு வேணும்னு கேட்டா பெதீர், கவனிச்சு கேட்டா எஸ்குச்சார், சத்தம் தானா காதுல விழுந்தா ஓயீர்.

கடைசி ரெண்டுல தப்பு பண்ணாலும் சமாளிச்சுக்கலாம், ஆனா முதல் ரெண்டு ரொம்ப முக்கியம். மணி என்னன்னு விசாரிக்குறது ‘ப்ரெகுந்தார் லா ஓரா’, ஆனா ஸ்பெயின்ல ‘பெதீர் ஓரா’ன்னா டாக்டர்கிட்டயோ முடி வெட்டுறவர்கிட்டயோ அப்பாயின்ட்மென்ட் வாங்குறது. இன்னொரு பொறி இருக்கு, தகவல் கேக்குறதுதானேன்னு இன்ஃபொர்மசியோனுக்கு முன்னாடி ப்ரெகுந்தார் போட்டுடுவாங்க, ஆனா அங்க தகவல்ங்குறது நமக்கு வேணும்னு கேக்குற ஒரு பொருள் மாதிரிதான், அதனால ‘பெதீர் இன்ஃபொர்மசியோன்’. கேள்வி கேக்குறதுக்கு ரெண்டுமே வராது, ‘ஆசேர் ஊனா ப்ரெகுந்தா’, அதாவது கேள்விய ‘பண்ணணும்’.

‘தெரியும்’லயும் இதே கதைதான். விஷயம் தெரிஞ்சா சபேர், ஆளோ ஊரோ பழக்கம்னா கொனொசேர். நீச்சல் தெரியும்னா சபேர், மாட்ரிட் தெரியும்னா கொனொசேர், அதுல அங்க போயிருக்கேன்ங்குற அர்த்தமும் சேர்ந்தே வரும். ஆள சொல்றப்போ நடுவுல ஒரு ‘ஆ’ போட மறக்காதீங்க: ‘கொனோஸ்கோ ஆ து எர்மானோ’, உன் அண்ணன எனக்கு தெரியும். இறந்த காலத்துக்கு போனா இன்னும் அழகா மாறும், ‘சூப்பே’ன்னா அப்பதான் தெரிய வந்துச்சு, ‘சபீயா’ன்னா முன்னாடியே தெரியும், ‘கொனொசீ’ன்னா முதல் தடவ சந்திச்சேன். எனக்கு இந்த மொழில ரொம்ப பிடிச்ச இடமே இதுதான்.

மத்த தப்பெல்லாம் இங்கிலீஷ் சத்தத்த நம்புறதால வர்றது. தாதோன்னா டேட் இல்ல, ஒரு தகவல்; அது நிறைய சேர்ந்தா தாதோஸ். தேதிக்கு ஃபெச்சா, அப்பாயின்ட்மென்ட்டுக்கு சீத்தா. நொத்தீசியா நியூஸ், சுவத்துல ஒட்டுற நோட்டீஸ் அவீசோ. ரிப்போர்ட்டுக்கு இன்ஃபோர்மே. வேலைக்கோ விசாவுக்கோ குடுக்குற அப்ளிகேஷன் சொலிசித்தூத், அப்ளிகசியோன்னு சொன்னா போன்ல இருக்குற ஆப்னுதான் முதல்ல நினைப்பாங்க. தபால்ல வர்ற லெட்டர் கார்த்தா, எழுத்து லேத்ரா, கையெழுத்து நல்லா இருக்குன்னு பாராட்டவும் அதே லேத்ராதான்.

ஃபார்ம் நிரப்புறப்போ மட்டும் அவசரப்படாதீங்க. ‘நோம்ப்ரே’ன்னு இருக்குற கட்டத்துல நம்மாளுங்க இனிஷியலோட முழுப்பேரையும் எழுதிடுறாங்க, ஆனா பக்கத்துல ‘அபெயீதோஸ்’னு, அதாவது குடும்பப்பேருக்கு, தனி கட்டம் இருந்தா நோம்ப்ரேல உங்க சொந்தப் பேரு மட்டும்தான் வரணும். ஸ்பெயின்காரங்களுக்கு அப்பா வழில ஒண்ணு, அம்மா வழில ஒண்ணுன்னு பொதுவா ரெண்டு குடும்பப்பேரு, அதனாலதான் பல ஃபார்ம்ல குடும்பப்பேருக்கே ரெண்டு கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்ல சர்நேம்னு இருக்குறத முதல் கட்டத்துல எழுதுங்க, ரெண்டாவது பேரு இல்லன்னா அந்த கட்டத்த காலியா விட்டுடுங்க, அத நிரப்பணுமேன்னு ஊர் பேரையோ புருஷன் பேரையோ போட்டா அப்புறம் ஒவ்வொரு பேப்பர்லயும் ஒவ்வொரு பேரு வந்து நிக்கும்.