எஸ்பிளனேட் செல்வோர் கவனத்திற்கு

கலா உத்சவம் என்னும் இந்தியக் கலை விழாவிற்காகவோ வேறு கச்சேரிக்காகவோ சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கலையரங்கத்திற்குச் செல்பவர்கள், நிகழ்ச்சி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அங்கு சென்றுவிடுவது நல்லது. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால், நிலத்தடிக் கடைத்தொகுதி வழியாகவே அரங்கை அடைந்துவிடலாம் என்பதால், மழைக்காலத்திலும் பட்டுப்புடவை நனையாது.

முதலில் கூரைத் தோட்டத்திற்கு ஏறுங்கள். கட்டணம் இல்லை, மரினா விரிகுடா முழுவதும் கண்ணெதிரே விரியும். பிறகு, 2015இல் திறக்கப்பட்ட ஜூபிலி பாலத்தின் வழியே மெர்லயன் சிலைவரை நடந்து திரும்பலாம். வெயில் தாழ்ந்த பின் நடப்பதே சுகம், குறிப்பாகப் பெரியவர்களுக்கு.

ஏறத்தாழ 1,600 இருக்கைகள் கொண்ட இசை அரங்கில், மேடைக்கு மேலுள்ள ஒலி விதானத்தை உயர்த்தியும் தாழ்த்தியும், சுற்றியுள்ள எதிரொலி அறைகளின் கதவுகளைத் திறந்தும் மூடியும், ஒவ்வொரு இசைக்கும் ஏற்றவாறு ஒலியைச் சீரமைக்க முடியும். மெல்லிய தம்புரா நாதமும் தெளிவாகக் கேட்கக்கூடிய இத்தகைய இடத்தில் கைப்பேசி ஒலிப்பது பெரும் இடையூறு. ஆகவே உள்ளே நுழையும்போதே அதை அணைத்துவிடுங்கள். தாமதமாக வருவோர் இடைவெளி கிடைக்கும்வரை வெளியே காத்திருக்க நேரிடும். டிக்கெட் கிடைக்காவிட்டாலும், நீரோரத் திறந்தவெளி அரங்கில் இலவச நிகழ்ச்சிகள் அடிக்கடி நடைபெறுகின்றன.