ப்ளூடூத் மாட்யூலின் ஆர்எக்ஸுக்கு நேராக 5 வோல்ட் கொடுக்காதீர்கள்

போனில் தட்டுவது ப்ளூடூத் வழியாக அர்டுயினோ ஊனோ போர்டுக்கு வருகிறது, ஊனோ அனுப்புவது மட்டும் போனுக்குப் போகவில்லையா? முதலில் ஹெச்சி-05 ப்ளூடூத் மாட்யூலின் ஆர்எக்ஸ் பின்னை, அதாவது தகவல் வாங்கும் பின்னைப் பாருங்கள். பெரும்பாலான ஹெச்சி-05 போர்டுகளில் விசிசிக்கு (பவர் வாங்கும் பின்) வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர் உண்டு, 5 வோல்ட் தாங்கும். ஆர்எக்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அது 3.3 வோல்ட்தான்.

ஊனோவின் டிஎக்ஸ், அதாவது தகவல் அனுப்பும் பின், 5 வோல்ட் கொடுக்கும். அதைக் குறைக்க டிஎக்ஸிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக ஆர்எக்ஸுக்கு. அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம். மாற்றிப் போட்டால் 1.67 வோல்ட்தான் வரும், மாட்யூல் ஒழுங்காகப் படிக்காது. இந்தத் தப்பு அடிக்கடி நடக்கும். சீரியல் லைன் சும்மா இருக்கும்போது ஹையில்தான் (வோல்டேஜ் உள்ள நிலை) நிற்கும். அதனால் ப்ரோகிராம் ஓடும்போது மல்டிமீட்டரை ஆர்எக்ஸில் வைத்தாலே சுமார் 3.3 தெரிய வேண்டும்.

எதிர்த்திசைக்கு ரெசிஸ்டர் வேண்டாம். மாட்யூல் அனுப்பும் 3.3 வோல்ட்டை ஊனோ ஹை என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் கிரவுண்ட் ஒன்றாக இருக்கட்டும்.