கீபேட் அலாரம்: வாங்கிப் பொருத்தியவர்கள் செய்யும் தவறுகள்

உறவினர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில், நிலைக்கதவை ஒட்டிய சுவரில் பொருத்தியிருந்த திருட்டு அலாரத்தின் கீபேடை, அதாவது ரகசிய எண்ணை அழுத்தி அலாரத்தைப் போடவும் நிறுத்தவும் உதவும் பொத்தான் பலகையை, அண்மையில் பார்க்க நேர்ந்தது. அதில் 1, 4, 7, 9 ஆகிய நான்கு பொத்தான்களில் மட்டும் எண்கள் தேய்ந்து மங்கியிருந்தன. மற்ற ஆறும் பொருத்திய அன்று இருந்ததைப் போலவே பளிச்சென்று இருந்தன. நான்கு வெவ்வேறு எண்களை 24 விதமாகத்தான் அடுக்க முடியும். அவற்றிலும் 19 என்று தொடங்குபவை 1947, 1974 ஆகிய இரண்டு மட்டுமே. வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது என்று தெரிந்த எவரும் இரண்டாவது எண்ணைத்தான் முதலில் அழுத்திப் பார்ப்பார்கள். நான்கு இலக்க ரகசிய எண்ணுக்குப் பத்தாயிரம் சாத்தியங்கள் உண்டு என்று சொல்லி விற்கப்பட்ட கருவி, பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்ததாலும் அதைப் பல ஆண்டுகள் மாற்றாமலே விட்டதாலும் இந்த நிலைக்கு வந்திருந்தது.

வீட்டு அலாரத்தின் அமைப்பு எளிமையானது. கதவு, சன்னல்களில் காந்த சென்சார்கள், அறை மூலைகளில் ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார்கள், இவை எல்லாம் வந்து சேரும் பேனல் பெட்டி, அதற்குள் ஒரு பேட்டரி, வெளியே ஒரு சைரன், வாசலருகே ஒரு கீபேட் என்று அவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இவற்றில் எதுவும் அடிக்கடி பழுதாவதில்லை. ஆனாலும், பொருத்திய முதல் மாதம் முழுவதும் இரவுதோறும் அலாரத்தைப் போட்டுவிட்டுப் படுத்தவர்கள், ஆறாவது மாதத்தில் ஊருக்குப் போகும்போது மட்டும் போடுகிறார்கள். இரண்டாம் ஆண்டில் அதுவும் நின்றுபோகிறது. காரணமில்லாமல் சைரன் அலறிய இரண்டு மூன்று இரவுகளே பெரும்பாலும் இதற்குக் காரணம். எனவே, பின்வரும் தவறுகளில் பலவற்றை, திருடன் எப்படி உள்ளே வருவான் என்ற கோணத்தைவிட, வீட்டார் எப்படி அலாரத்துக்கே பயந்து அதைக் கைவிடுகிறார்கள் என்ற கோணத்தில் பார்ப்பதே பயனுள்ளது.

முதலில் ரகசிய எண்ணைப் பற்றிய மீதியைச் சொல்லிவிடுகிறேன். கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போது 1234 அல்லது 0000 போன்ற பொது எண்ணுடன்தான் வருகிறது. பொருத்த வந்தவர் அதை மாற்றச் சொல்லியிருப்பார். நாமும் தலையை ஆட்டியிருப்போம். அதைவிட ஆபத்தானது, பேனலின் உள் அமைப்புகளை மாற்றுவதற்கென்று இருக்கும் தனி எண். இது வீட்டாருக்கான எண்ணிலிருந்து வேறுபட்டது. ஒரே மாடலில் எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றாகவே இருப்பது வழக்கம். கையேட்டில் அச்சிட்டும் இருக்கும். பொருத்தும் வேலை முடிந்த அன்றே, பொருத்தியவர் பக்கத்தில் இருக்கும்போதே, இரண்டையும் மாற்றிவிட வேண்டும். அடுத்து, வீட்டிலுள்ள அனைவரும், வேலைக்கு வருபவர் உட்பட, ஒரே எண்ணைப் பயன்படுத்துவதும் தவறு. ஏறத்தாழ எல்லாப் பேனல்களும் ஆளுக்கொரு எண்ணைத் தர இடம் கொடுக்கின்றன. யார் எத்தனை மணிக்கு அலாரத்தை நிறுத்தினார் என்ற பதிவும் பல பேனல்களில் சேமிக்கப்படுகிறது. வேலைக்கு வந்தவர் நின்றுவிட்டால், அவருடைய எண்ணை மட்டும் நீக்கினால் போதும். பாட்டிக்குப் புதிய எண்ணை மனப்பாடம் செய்விக்கும் சங்கடம் இராது. கீபேடைத் துடைக்கும்போது எல்லாப் பொத்தான்களையும் சேர்த்துத் துடைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறையாவது எண்ணை மாற்றுவதும் தேய்மானம் காட்டிக்கொடுப்பதைத் தடுக்கும்.

வெளியே கிளம்பும்போது நடக்கும் குழப்பம் எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரிதான். அலாரத்தைப் போட்டதும் வெளியேறுவதற்கு 45 அல்லது 60 விநாடி அவகாசம் கிடைக்கும். எண்ணை அழுத்திய பிறகுதான் கைப்பேசி நினைவுக்கு வரும், அல்லது அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வரும். உள்ளே ஓடித் தேடுவதற்குள் அவகாசம் முடிந்து, கூடத்துச் சென்சார் நம்மையே பிடித்துவிடும். இன்னொன்று, கதவை இழுத்து மூடாமல் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பது. அவகாசம் முடியும் நொடியில் கதவு திறந்திருந்தால், அதைக் கருவி அத்துமீறலாகவே எடுத்துக்கொள்ளும். செருப்பு, சாவி, பை, குடை எல்லாம் கையில் வந்த பிறகே கீபேடைத் தொட வேண்டும். ஏதாவது மறந்துவிட்டால், எண்ணை மீண்டும் அழுத்தி அலாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே செல்ல வேண்டும். மீதமிருக்கும் விநாடிகளோடு பந்தயம் கட்டக் கூடாது. அவகாசம் போதவில்லை என்றால் அதை நீட்டிக்கலாம், ஆனால் வீட்டுக்குள் வரும்போது தரப்படும் அவகாசத்தை நீட்டிக்கக் கூடாது. நமக்குக் கிடைக்கும் ஒவ்வொரு விநாடியும் கதவை உடைத்து நுழைபவனுக்கும் கிடைக்கும். கீபேட் கதவுக்கு அருகிலிருந்தால் 30 விநாடியே தாராளம்.

இரவில் அலாரத்தைக் கைவிடுவதற்கு முக்கியக் காரணம், அதன் இரண்டு நிலைகளைப் பிரித்தறியாததுதான். ‘அவே’ என்ற நிலையில் வீட்டுக்குள் இருக்கும் நடமாட்ட சென்சார்களும் விழித்திருக்கும். ‘ஸ்டே’ என்ற நிலையில் கதவு, சன்னல் சென்சார்கள் மட்டும் விழித்திருக்க, உள்ளே நாம் தாராளமாக நடமாடலாம். முதல் நிலையைப் போட்டுவிட்டுப் படுத்த வீட்டில், நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்த தாத்தா கூடத்தில் கால் வைத்த மாத்திரத்தில் தெருவே எழுந்துகொள்ளும். ‘ஸ்டே’ போட்டிருந்தாலும், விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடவோ, பால் பாக்கெட் எடுக்கவோ கதவைத் திறப்பவருக்கு அலாரத்தை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கருவியை வாங்கியவர் மட்டும் பயிற்சி பெற்றிருப்பார். அதிகாலையில் முதலில் எழுபவருக்கு அதன் பக்கமே போகாதே என்று சொல்லிவைத்திருப்பார்கள். வீட்டில் முதலில் எழுபவரே அந்தக் கீபேடை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும்.

சென்சார்கள் பொய் சொல்வதில்லை. நாம் அவற்றை வைக்கும் இடம்தான் பொய் சொல்ல வைக்கிறது. நடமாட்ட சென்சார், மனித உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்கள் தன் பார்வைப் பரப்பில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்வதைக் கண்டு செயல்படுகிறது. ஆகவே தன்னை நோக்கி நேராக வருபவரைவிட, குறுக்கே கடப்பவரை அது விரைவாகக் கண்டுகொள்ளும். மாலை வெயில் விழும் சன்னலையோ ஏ.சி. காற்று வீசும் திசையையோ பார்த்தபடி அதை வைப்பதும், அதன் எதிரே மின்விசிறிக் காற்றில் ஆடும் திரைச்சீலை இருப்பதும் வீண் அலறலுக்கு வழி. நம் ஊர் வீடுகளுக்கே உரிய எதிரி ஒன்றும் உண்டு, பல்லி. தரையில் ஓடும் பூனையைப் பொருட்படுத்தாத சென்சார்கூட, தன் வெண்ணிற முகப்பின் மீதே ஒரு பல்லி ஊர்ந்தால் ஏமாந்துபோகும். அவ்வளவு அருகில் அது ஓர் ஆள் அளவுக்குத் தெரியும். முகப்பில் கூடு கட்டும் சிலந்தியும் அப்படித்தான். மாதம் ஒருமுறை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, சுவருக்கும் சென்சாருக்கும் இடையிலுள்ள வயர் துளைகளைச் சிலிகோன் பசையால் அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறான சிக்கல் வருகிறது. பூட்டிக் கிடக்கும் அறையின் சுவர்கள் உடல் வெப்பத்துக்கு நெருக்கமாகச் சூடேறிவிட்டால், ஆளுக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்து சென்சார் மந்தமாகிவிடும். வெப்பத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வகைகள் கிடைக்கின்றன. எதுவாயினும், மார்கழி இரவில் சோதித்து திருப்தியடைந்தவர்கள் மே மாதப் பிற்பகலிலும் ஒருமுறை அதன் எதிரே நடந்து பார்க்க வேண்டும்.

கதவுச் சென்சாரில், நிலையில் இருக்கும் பகுதியும் கதவில் இருக்கும் காந்தமும் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் மரக்கதவு உப்பி முழுதாகச் சேராமல் நின்றால் அந்த இடைவெளி கூடிவிடும். இரும்புக் கதவிலும் கிரில் கேட்டிலும் சாதாரணக் காந்தத்தின் வீச்சு வெகுவாகக் குறையும் என்பதால், அவற்றுக்கென்று விற்கப்படும் கனமான வகையையே கேட்டு வாங்க வேண்டும். இதைச் சரிசெய்வதற்குப் பதிலாகப் பலரும் செய்வது ‘பைபாஸ்’. அடம்பிடிக்கும் கதவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்று பேனலுக்குச் சொல்வதுதான் அது. சில கருவிகளில் அடுத்த முறை அலாரத்தை நிறுத்தியதும் இந்த விலக்கு தானாக நீங்கிவிடும். சிலவற்றில் நாமே நீக்கும்வரை நிலைத்திருக்கும். மழைக்காலத்தில் விலக்கப்பட்ட கொல்லைப்புறக் கதவு, தை பிறந்து காய்ந்து ஒழுங்காக மூடத் தொடங்கிய பிறகும் கணக்கில் வராமலே இருக்கும். கீபேடில் பைபாஸ் விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மில் மிகச் சிலருக்கே உண்டு.

விளக்கைப் பார்க்காத குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. எங்கள் வீட்டுக் கீபேட் ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு விட்டுவிட்டு ‘பீப்’ என்றது. கையேட்டைத் தேடச் சோம்பல்பட்டு, கைக்குக் கிடைத்த ஹாஷ் பொத்தானை அழுத்தினேன், சத்தம் நின்றது. மறுநாளும் வந்தது, மறுநாளும் அழுத்தினேன். கடிகார அலாரத்தை நிறுத்துவதைப் போல அது ஒரு பழக்கமாகிவிட்டது. நான்கு மாதங்கள் கழித்து ஒரு மாலை மின்சாரம் போனபோது, வீட்டு விளக்குகளோடு கீபேடும் அதே நொடியில் அணைந்ததைப் பார்த்த பிறகுதான் பேனல் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருபுறமும் வயிறு உப்பி, பெட்டியிலிருந்து இழுத்தால் வராத அளவுக்கு இறுகிக் கிடந்தது. பொருத்தி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கருவி நான்கு மாதமாக இரவுதோறும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இவ்வகை ஈய-அமில பேட்டரியின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். மாடிப்படிக்குக் கீழே, காற்றுப் புகாத வெப்பமான மூலையில் இருந்தால் அதைவிடக் குறைவு. மாற்றிய தேதியைப் பேட்டரியின் மீதே மார்க்கர் பேனாவால் எழுதிவையுங்கள். மாதத்தில் ஒருநாள் பேனலுக்கான மின்சாரத்தை ஒரு மணி நேரம் நிறுத்தி, பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு, சைரன் முழுக் குரலில் ஒலிக்கிறதா என்றும் பாருங்கள். வயரில்லாத சென்சார்களின் சிறு பேட்டரிகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

சைரன் ஒலித்தால் போதாது, செய்தியும் வந்து சேர வேண்டும். வைஃபை மூலம் தகவல் அனுப்பும் கருவியை வைத்துக்கொண்டு, ரூட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்க்காமல் விடுவது சர்வ சாதாரணம். மின்சாரம் போன வீட்டில் அலாரம் பேட்டரியால் விழித்திருக்கும், ஆனால் பேச வாய் இருக்காது. சிம் கார்டு வகைக் கருவிகளில், பிரிபெய்டு சிம்மை வாங்கிப் போட்டதோடு மறந்துவிடுகிறார்கள். ரீசார்ஜ் முடிந்தால் அழைப்பு போகாது. தொடர்ந்து 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடந்தால் இணைப்பே துண்டிக்கப்படலாம். 2ஜி அலைவரிசையில் மட்டும் இயங்கும் பழைய கருவியில் ஜியோ சிம்மைப் போடுவதும் வீண், ஏனெனில் அந்த நிறுவனத்துக்கு 2ஜி சேவையே இல்லை. மாதச் சோதனையின்போது கைப்பேசிக்கு அழைப்பு வருகிறதா என்றும் பார்த்துவிட்டால் இவையெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

மிரட்டலுக்கு ஆளாகும்போது அழுத்துவதற்கென்று பல கருவிகளில் ஓர் எண் உண்டு. அது அலாரத்தை நிறுத்துவதுபோல் காட்டிவிட்டு, வெளியே ரகசியமாகச் செய்தி அனுப்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கண்காணிப்பு நிலையத்துடன் இணைக்கப்படாத வீட்டில் அந்தச் செய்தி யாருக்குப் போகிறது? பெரும்பாலும், கத்தி முனையில் நின்றுகொண்டிருக்கும் வீட்டுக்காரரின் சட்டைப்பைக்கே. செய்தி போக வேண்டிய கைப்பேசி எண்களின் பட்டியலில் வேறு வீட்டில் வசிக்கும் ஒருவரின் எண்ணாவது இருக்க வேண்டும். செய்தி வந்தால் நம்மைத் திருப்பி அழைத்து விசாரிக்காமல், நேராக 100 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும் என்று அவரிடம் முன்பே சொல்லிவைத்திருக்க வேண்டும்.

வெளியே போய்த் திரும்பும்போது கீபேடில் அலாரம் ஒலித்ததற்கான நினைவு விளக்கு எரிந்தாலோ, வழக்கத்துக்கு மாறான வேகத்தில் பீப் ஒலி கேட்டாலோ, பலரும் எண்ணை அழுத்தி அதை நிறுத்திவிட்டு, எந்த அறையில் என்ன ஆயிற்று என்று பார்க்க உள்ளே போகிறார்கள். ஒருவேளை பல்லியாகவே இருக்கலாம். இருந்தாலும் வாசலோடு திரும்பி, தெருவுக்கு வந்து காவல்துறையை அழைப்பதே சரி. பல்லிக்காகப் போலீஸை வரவழைத்த வெட்கம் இரண்டு நாளில் மறந்துவிடும்.

நீண்ட நாள் ஊருக்குச் செல்பவர்கள், சைரன் தானாக நிற்கும் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும். அதை ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் வைக்காவிட்டால், நாம் திருப்பதியில் வரிசையில் நிற்க, அண்டை வீட்டார் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த முறை அந்தச் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்திக்கொள்வார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அலாரம் இருப்பதைச் சொல்லாமலே கிளம்பியவர்கள் உண்டு. வாளியோடு கதவைத் திறந்த அவருக்கு அந்த 30 விநாடி எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாவியோடு அவருக்கென்று ஒரு தற்காலிக எண்ணையும் தந்து, கிளம்புவதற்கு முன் உங்கள் எதிரிலேயே ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அந்த எண்ணை நீக்கிவிடலாம்.