சுதந்திரவாதம் பற்றி மேடையேறப் போகும் பிள்ளைகளுக்கு

சனிக்கிழமை மாலைகளில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு வாசலில் ஆறாம் படிவப் பிள்ளைகள் விவாதப் பயிற்சிக்கு வருகிறார்கள். இந்த முறை தலைப்பு சுதந்திரவாதம், அதாவது தனிமனிதர் வாழ்விலும் சொத்திலும் அரசு முடிந்தவரை தலையிடக் கூடாது என்ற கொள்கை. நான் சொல்லித் தருகிற விதத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆதரித்துப் பேசுங்கள், மனதாரப் பேசுங்கள். என் உடலும் உழைப்பும் எனக்கே சொந்தம். அடிதடி, திருட்டு, ஏமாற்று இவற்றைத் தடுப்பதோடு அரசு நின்றுகொள்ளட்டும். 1974-இல் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் எடுத்துவைத்த வாதத்தின் சாரம் இதுதான். இதற்குச் சான்று தேடி அமெரிக்கா போக வேண்டாம். 1950-களின் கடைசியில் ரப்பர்த் தோட்டங்களை முதலாளிகள் துண்டுபோட்டு விற்றார்கள். அப்போது நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற தொழிலாளிகள் நம் நாட்டுப் பணத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள்; கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. சம்பந்தன் அப்போது அமைச்சர்தானே என்று எதிரணி கேட்கும். ஆமாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காசு தொழிலாளி தானாக முன்வந்து கட்டியது.

அடுத்தது இந்த வாதத்தின் எல்லை. இங்கே அவசரப்படாதீர்கள். எந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினாலும், 'முடியாது என்று சொன்னால் இவருக்கு என்னென்ன போகும்?' என்று கேளுங்கள். எங்கள் தோட்டம் கைமாறியபோது எனக்குப் பதினோரு வயது. புது முதலாளி கொடுத்த ஒப்பந்தத் தாளில் கூலி குறைவு. பால்கறை படிந்த விரல்களில் பேனாவைப் பிடித்தபடி அப்பா வெகுநேரம் நின்றார். வேலை போனால் லயத்து வீடு போகும், தண்ணீர்க் குழாய் போகும், அம்மாவின் இரண்டு மாடுகளைக் கட்ட இடம் போகும். எல்லாமே முதலாளி நிலத்தில். யாரும் மிரட்டவில்லை, அப்பா கையெழுத்துப் போட்டார். அதைச் சுதந்திரம் என்று சொல்ல என் நாக்கு எழாது.

நீங்கள் சுதந்திரவாதத்தை எதிர்த்துப் பேசும்போது எதிரணி நோசிக்கைக் காட்டினால், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கைக் காட்டுங்கள். நிலத்தைத் தனதாக்குகிறவர் மற்றவர்களுக்கும் போதுமான, அதேபோல் நல்ல நிலத்தை விட்டுவைக்க வேண்டும் என்றவர் அவர். நோசிக்கும் அந்த நிபந்தனையை அடியோடு தள்ளிவிடவில்லை.

கூலி ஒப்பந்தத்தில் அரசு தலையிடுவதற்கு உதாரணமாகக் குறைந்தபட்சச் சம்பளத்தைச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் போதும்: 2013-இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி, 2025-இல் 1,700. சிறு கடைக்காரர் ஆள் எடுக்கத் தயங்குவார் என்ற மறுப்பை எதிரணிக்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். அது பொய்யான கவலை அல்ல.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் மாதாமாதம் அந்தப் பத்து வெள்ளியை எதைக் குறைத்து மிச்சம்பிடித்தார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த சனிக்கிழமை அதிலிருந்து தொடங்குவோம்.