கோடைல அப்பாவுக்கு தலைசுத்தல், காரணம் பிடிபட்ட விதம்

வேலூர் மே மாச வெயில்ல அப்பா கட்டில்ல இருந்து எழுந்தாலே தலைசுத்தி செவுத்த புடிச்சிக்குவாரு. சுகர், ஈசிஜி எல்லாம் நார்மல், காது பிரச்சனைன்னு ஒருத்தர் குடுத்த மாத்திரையும் கேக்கல. பிபியும் 124/78தான், ஆனா எல்லாரும் உக்கார வச்சுதான் பார்த்திருக்காங்க! வீட்டு மெஷின்ல படுக்க வச்சு ஒரு தடவ, எழுந்து நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவ பார்த்தேன், மேல் அளவு 126ல இருந்து 98க்கு இறங்கிடுச்சு (20 இறங்கினாலே கவனிக்கணும்). அத நோட்ல எழுதி காட்டினதும் டாக்டர் அப்பா போடுற பிபி மாத்திரை அட்டையத்தான் கேட்டாரு. அது பிபி குறைக்கிற டெல்மிசார்டானோட ஹைட்ரோகுளோரோதயசைடுன்னு இன்னொரு மருந்தும் சேர்ந்தது, இந்த ரெண்டாவது மருந்து உப்பையும் தண்ணியையும் சிறுநீர்ல வெளியேத்தும், வெயில்ல ரத்தக்குழாய் விரிஞ்சு வேர்வையும் போறப்ப நின்னா பிபி இறங்கிடுது. சோடியம் டெஸ்ட் பார்த்துட்டு கோடைக்கு மட்டும் வெறும் டெல்மிசார்டான் எழுதினாரு, நாமளா நிறுத்தவே கூடாதுன்னும் சொன்னாரு. அந்த வாரமே தலைசுத்தல் நின்னுச்சு, இப்பதான் நிம்மதி.